ஒரு டெஸ்ட் பேட்ஸ்மேன் நிஜமாகவே எவ்வளவு தரமானவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? சராசரி மட்டும் போதாதா?

யாரோ சராசரிப் பட்டியலை உங்கள் முன்னால் நீட்டி, "டிராவிடின் 52 பெரிசா, லக்ஷ்மணின் 46 பெரிசா?" என்று வாயடைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். லக்ஷ்மணை இப்படி ஒரே வரியில் தள்ளிவிடுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், சராசரி (எடுத்த ரன்களை அவுட் ஆன எண்ணிக்கையால் வகுத்தது) பொய் என்று நான் வாதாடவில்லை. ஒரே ஒரு எண்தான் பார்க்கலாம் என்றால் நானும் அதைத்தான் பார்ப்பேன். அதை எங்கே நம்பலாம், எங்கே பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

எத்தனை முறை அவுட் ஆகியிருக்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள். யாருடைய ஸ்கோரும் 0, 4, 112, 17 என்று தாறுமாறாகத்தான் வரும். அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய அவருடைய சராசரி அளவுக்கே இருக்கும். ஆகவே சராசரியை, அவுட் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால், அந்தச் சராசரி அதிர்ஷ்டத்தால் எவ்வளவு தூரம் விலகியிருக்கக்கூடும் என்று தோராயமாகத் தெரியும். வினோத் காம்ப்ளி 17 டெஸ்டில் 1084 ரன், 20 அவுட், சராசரி 54.20. விலகல் 12 ரன். டிராவிட் 254 அவுட், 52.31. விலகல் மூன்று சொச்சம்தான். இவை இரண்டையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று கேட்பதே சரியில்லை. பிராட்மேன் 70 அவுட், 99.94. விலகல் 12. அதை இருமடங்காக்கிக் கழித்தாலும் 76 நிற்கிறது. அவரைப் பற்றி யாரும் வாதாடாததற்குக் காரணம் அதுதான்.

ஆஸ்திரேலியாவின் ஆடம் வோஜஸின் 61.87 இன்னும் தெளிவான உதாரணம். மொத்தம் 1485 ரன், 24 அவுட். அதில் வெஸ்ட் இண்டீஸுக்கு எதிராக மட்டும் 542 ரன், ஒரே ஒரு அவுட். அந்த அணியை எடுத்துவிட்டால் மீதி 943 ரன், 23 அவுட், சராசரி 41. மோசமான ஆட்டக்காரர் என்று சொல்லவில்லை. 61 என்ற எண் அவரைப் பற்றிச் சொல்வதைவிட அந்தப் பந்துவீச்சைப் பற்றித்தான் அதிகம் சொல்கிறது.

"நாட் அவுட் வாங்கியே சராசரியை ஏற்றினார்" என்று ஆஸ்திரேலியாவின் ஆலன் பார்டரையும் நம் லக்ஷ்மணையும் குறை சொல்வார்கள். பார்டருக்கு 44 நாட் அவுட், லக்ஷ்மணுக்கு 34. இது பாதிதான் சரி. எந்த பேட்ஸ்மேனும் முதல் இருபது முப்பது பந்துகளில்தான் அதிகம் அவுட் ஆவார். கண் பழகி நன்றாக ஆடிக்கொண்டிருக்கும்போது எதிர்முனையில் ஆள் தீர்ந்துபோனால், அடுத்த முறை மறுபடி பூஜ்யத்திலிருந்து அந்த ஆபத்தான கட்டத்தைத் தாண்ட வேண்டும். ஐந்தாவது ஆறாவது இடத்தில் ஆடுகிறவருக்கு இது இழப்பும்தான். அதேபோல முதலில் இறங்கும் ஓப்பனருக்குப் புதுப் பந்து எப்போதும் உண்டு. அவருடைய 45-ஐயும் ஐந்தாவது ஆட்டக்காரரின் 45-ஐயும் சமமாக வைக்காதீர்கள்.

நான் மிகவும் நம்புவது அடுத்த கணக்கைத்தான். அதே ஆட்டத்தில் மற்றவர்கள் என்ன அடித்தார்கள்? ஒவ்வொரு டெஸ்டின் ஸ்கோர்கார்டையும் எடுத்து, இரண்டு அணியிலும் முதல் ஆறு பேரின் ரன்களைக் கூட்டி (நம்மவரை விட்டுவிட்டு), அவர்களுடைய அவுட் எண்ணிக்கையால் வகுங்கள். அது 25 ஆக இருந்து நம்மவர் 40 வைத்திருந்தால் விகிதம் 1.6. மற்றவர்கள் 45 அடித்த ஆட்டங்களில் இவர் 54 என்றால் 1.2 தான். பிட்ச், வானிலை, பந்துவீச்சு எல்லாம் இந்த ஒரே வகுத்தலில் அடங்கிவிடும். 1975-இல் சேப்பாக்கத்தில் குண்டப்பா விஸ்வநாத் அடித்த 97 நாட் அவுட் சதம்கூட இல்லை. ஆனால் இந்தியா மொத்தம் 190, வெஸ்ட் இண்டீஸின் ஆண்டி ராபர்ட்ஸ் 7 விக்கெட். 1987-இல் பெங்களூரில் பாகிஸ்தானுக்கு எதிராக 221 துரத்தும்போது கவாஸ்கர் 96. இந்தியா 204-இல் முடிந்து 16 ரன்னில் தோற்றது. சதங்களை மட்டும் எண்ணுகிறவர்களின் பட்டியலில் இவை இரண்டுமே வராது.

இந்தக் கணக்கில் ஒரு ஓட்டை உண்டு, யாராவது கேட்பதற்கு முன்னால் நானே சொல்கிறேன். பேட்ஸ்மேன் தன் அணிப் பந்துவீச்சாளர்களை எதிர்கொள்வதில்லை. மெக்ராவும் வார்னும் இருந்த ஆஸ்திரேலியாவில் எதிரணி குறைவாகவே அடிக்கும். அதனால் அங்கே ஆடிய பேட்ஸ்மேனின் விகிதம் சும்மாவே உயர்ந்து தெரியும். சரிசெய்ய, தன் அணியினரோடு மட்டும் ஒப்பிட்டு இன்னொரு விகிதம் எடுங்கள். அதில் பலமான அணிக்காரருக்குக் குறைவாக வரும். உண்மை இரண்டுக்கும் நடுவில் இருக்கும். 2001-02-இல் இலங்கையில் வெஸ்ட் இண்டீஸின் லாரா மூன்றே டெஸ்டில் 688 ரன் எடுத்தார். முரளிதரனையும் வாஸையும் எதிர்த்துத் தன் அணியின் ரன்களில் 42 சதவீதம் அவருடையது. அணி 3-0 என்று தோற்றது. "ஜெயித்த ஆட்டத்து ரன்னுக்குத்தான் மதிப்பு" என்கிறவர்கள் இந்தத் தொடரை என்ன செய்வார்கள் என்று எனக்கு நிஜமாகவே புரியவில்லை.

வெளிநாட்டுச் சராசரி என்று மொத்தமாகப் போடுவதும் ஏமாற்றும். நாடு நாடாகப் பிரியுங்கள். ஆஸ்திரேலியாவின் பான்டிங் 2001-இல் இந்தியாவில் ஐந்து இன்னிங்ஸில் 17 ரன், ஐந்து முறையும் ஹர்பஜன் பந்தில் அவுட். இந்தியாவில் அவருடைய மொத்தச் சராசரி 26 சொச்சம். உலகமெங்கும் ஆண்ட ஒருவருக்கு எது முடியாமல் போனது என்பது அப்படிப் பிரித்தால்தான் தெரியும்.

எண்கள் இவ்வளவுதான். மீதியைக் கண்ணால் பார்க்க வேண்டும். முதல் முப்பது பந்துகளில் அவர் ஆடாமல் விட்டுவிடும் பந்துகளைப் பாருங்கள். நல்ல ஆட்டக்காரருக்குத் தன் ஆஃப் ஸ்டம்ப் எங்கே என்பது தெரியும். பவுன்ஸ் அதிகமுள்ள பிட்சில் ஸ்டம்புக்கு நேராக வரும் பந்தைக்கூட உயரத்தை நம்பி ஆடாமல் விடுவார். ஸ்விங் ஆகும் இடத்தில் கை உடம்பை விட்டு முன்னால் போகாமல், கண்ணுக்குக் கீழே பந்து வரும்வரை காத்திருப்பார். ஸ்பின்னுக்கு ஒன்று முழுதாக முன்னால் வருவார், இல்லை முழுதாகப் பின்னால் போவார். க்ரீஸில் பாதியில் நிற்பவர் ஷார்ட் லெக்கில் கேட்ச் கொடுப்பார். பீட்டன் ஆனதையும் (பந்து மட்டையைத் தாண்டிப் போனது) எட்ஜ் ஆனதையும் (மட்டை விளிம்பில் பட்டது) ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பொதுவாக அப்படிப் பத்துக்கு மேல் தவறினால்தான் ஒரு விக்கெட் விழும். ஆகவே ஒரு சதத்தில் எவ்வளவு ஆட்டம், எவ்வளவு அதிர்ஷ்டம் என்று அந்தத் தாள் சொல்லும்.

பிறகு, அடிபட்ட இடத்தைச் சரிசெய்கிறாரா என்று பாருங்கள். கோலி 2014-இல் இங்கிலாந்தில் பத்து இன்னிங்ஸில் 134 ரன், ஆண்டர்சனிடம் நான்கு முறை அவுட். 2018-இல் அதே பத்து இன்னிங்ஸில் 593, ஆண்டர்சனுக்கு ஒரு முறையும் விக்கெட் கொடுக்கவில்லை. க்ரீஸுக்கு வெளியே நின்று, பந்து ஸ்விங் ஆகித் திரும்பும் முன்பே சந்தித்தார், வெளியே போவதைத் துரத்துவதைக் குறைத்தார். ஆமாம், எட்ஜ்பாஸ்டனில் 21-இல் இருந்தபோது ஸ்லிப்பில் ஒரு கேட்ச் நழுவியது. அதையும் தாளில் எழுதத்தான் வேண்டும். ஆனால் ஐந்து டெஸ்ட் முழுக்க அதிர்ஷ்டம் ஒருவரைத் தூக்கிப் பிடிக்காது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்லியாக வேண்டும். ஹைலைட்ஸில் விட்ட பந்துகள் வருவதே இல்லை. 2021-இல் பிரிஸ்பேனில் புஜாரா 211 பந்தில் 56 எடுத்தார். உடம்பெல்லாம் அடி வாங்கி அவர் நின்றதால்தான் களைத்த பந்துவீச்சை ரிஷப் பந்த் அடிக்க முடிந்தது. நான்கு நிமிடக் காணொளியில் அது ஒரு ஓரமாகப் போய்விடும். அதைவிடப் பெரிய அநியாயம் இரண்டே டெஸ்ட் கொண்ட தொடர்கள். பந்துவீச்சாளர் ஒரு பலவீனத்தைக் கண்டுபிடிக்க முதல் டெஸ்ட், அதை வைத்துக் குடைய இரண்டாவது, பேட்ஸ்மேன் பதில் சொல்ல மூன்றாவது வேண்டும். இலங்கை, வெஸ்ட் இண்டீஸ், நியூசிலாந்து பேட்ஸ்மேன்களுக்குப் பெரும்பாலும் அந்த மூன்றாவது டெஸ்டே கிடைப்பதில்லை. அவர்களை ஐந்து டெஸ்ட் தொடர் ஆடுகிறவர்களோடு ஒப்பிடும்போது தொடர்வாரியான சராசரியை ஓரம் வைத்துவிட்டு, மேலே சொன்ன ஆட்டவாரி விகிதத்தை மட்டும் எடுங்கள்.