ரத்தம் ஏன் அலூடா நிறத்தில் இருக்கிறது?

போன இதழில், ஒரே பங்களா, ஏழு நடிகர்கள், ஒரு பகல், ஒரு ராத்திரி என்று கையில் இருந்த காசுக்கு எடுத்த ஒரு தமிழ் ரத்தக் காட்டேரிப் படத்தைப் பற்றி நாலு வரி எழுதி, பாருங்கள், பார்த்துவிட்டுத் திட்டுங்கள் என்று முடித்திருந்தேன். பார்த்தீர்கள், திட்டிவிட்டீர்கள், சிலர் என்னையும் சேர்த்து. படத்தின் பெயரை இந்த முறை போடவில்லை. கடன் வாங்கி எடுத்த பையன்கள், பெயரைப் போட்டு அடிக்க மனசு வரவில்லை. பார்க்காதவர்களுக்குக் கதை இவ்வளவுதான்: மலைமேல் இருக்கும் பழைய பங்களாவுக்கு நண்பர்கள் ஐந்து பேர் போகிறார்கள், ஆறாவது ஆள் ஏற்கெனவே அங்கே இருக்கிறார், பெட்டிக்குள்.

ஐயா, அந்தப் படத்தில் ரத்தம் ஏன் நம் மொரிஷியஸ் அலூடா நிறத்தில், சப்ஜா விதை போட்ட ரோஸ் பால் மாதிரி இருக்கிறது? கழுத்தில் கடித்ததும் என் மகன் 'அம்மா, சப்ஜா விதை எங்கே?' என்று கேட்டான். அதோடு பயம் போயிற்று. (வாசகி, ரோஸ் ஹில்)

உங்கள் மகனுக்கு என் சார்பில் போர்ட் லூயிஸ் சந்தையில் ஒரு கிளாஸ் அலூடா வாங்கிக் கொடுங்கள். விஷயம் சின்னதுதான். சர்க்கரைப் பாகில் சிவப்புச் சாயத்தைக் கலந்தால் கிண்ணத்தில் பார்க்க ரத்தம் மாதிரியே இருக்கும். அதையே தோலில் மெல்லிசாகத் தடவி மேலே வெள்ளை விளக்கைப் போட்டால் ரோஸ் நிறம் காட்டிவிடும். ஒரு சொட்டு நீலமும் கொஞ்சம் கோகோப் பொடியும் சேர்த்திருந்தால் தப்பித்திருப்பார்கள். கருப்பு வெள்ளைக் காலத்தில் இந்தத் தொல்லையே கிடையாது. 1968இல் அமெரிக்காவில் பிட்ஸ்பர்க் பக்கம் ஒரு லட்சத்துச் சொச்சம் டாலரில் எடுத்த பிணங்கள் எழுந்து வரும் படத்தில், சாக்லேட் சிரப்பைத்தான் ரத்தமாக ஊற்றினார்கள், உலகமே பயந்தது.

எனக்கு இதில் சொந்த அனுபவம் உண்டு. பதினாறு வயதில் கோயில் திருவிழா நாடகத்தில் நான் இரணியன். நரசிம்மர் வயிற்றைக் கிழித்ததும் தூணடியில் செத்துக் கிடக்க வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. வயிற்றில் கட்டியிருந்த பையில் பாகு. கரும்புத் தீவில் பாகை ஊற்றிக்கொண்டு தரையில் படுத்தால் யார் வருவார்கள்? முதலில் ஒரு எறும்பு தொப்புளுக்குப் பக்கத்தில் வந்து நின்று யோசித்தது, அப்புறம் சொந்தபந்தத்தோடு வந்தது. நரசிம்மர் பிரகலாதனை மடியில் வைத்து உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்க, செத்த இரணியன் இரண்டு கையாலும் சொறிந்தான். கைதட்டல் எனக்குத்தான் அதிகம்.

பகலில் வராந்தாவில் உலாத்துகிறான், கண்ணாடியில் முகம் தெரிகிறது, ஆனால் பூண்டைப் பார்த்தால் மட்டும் நடுங்குகிறான். இது எந்த ஊர் காட்டேரி? டைரக்டருக்கு அடிப்படையே தெரியாதா? (வாசகர், காத்ர் போர்ன்)

பகல் விஷயத்தில் டைரக்டர் பக்கம் நான் நிற்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிராம் ஸ்டோக்கர் 1897இல் எழுதிய 'டிராகுலா' நாவலில் அந்தக் காட்டேரிப் பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான், சக்தி குறையுமே தவிரச் சாம்பலாக மாட்டான். சூரிய ஒளி பட்டால் ஒழிந்தான் என்பது 1922இல் ஜெர்மனியில் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு' மௌனப் படம் கொண்டுவந்த ஏற்பாடு. நாவலுக்கு உரிமை வாங்காமல் பெயர்களை மட்டும் மாற்றி எடுத்தார்கள், ஸ்டோக்கரின் மனைவி கோர்ட்டுக்குப் போனார், பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வந்தது, அதற்குள் சில பிரதிகள் வெளியே போய்விட்டதால் படம் பிழைத்தது. நீட்டுப் பல்கூட எல்லா டிராகுலாவுக்கும் கிடையாது. 1931இல் பேலா லுகோசி நடித்த படத்தில் அவர் பல்லைக் காட்டவே மாட்டார், கண்ணாலேயே காரியத்தை முடிப்பார்.

ஆகவே விதியை மாற்றலாம், யாரும் கேட்க முடியாது. மாற்றிய விதியைத் தானே மீறுவதுதான் குற்றம். இருபதாவது நிமிடத்தில் காவல்காரக் கிழவர் "விளக்கு எரியுற வரைக்கும் அது வராது தம்பி" என்று சத்தியம் பண்ணுகிறார். அந்த ஒரு வசனத்தால் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், ஏனென்றால் இனிமேல் ஒவ்வொரு விளக்கும் ஒரு உயிர். ஆனால் நாற்பதாவது நிமிடத்தில் டியூப் லைட்டுக்கு நேர் கீழே நின்று கழுத்தைக் கடிக்கிறான், கிழவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அங்கே போனதுதான் படம்.

பூண்டைப் பற்றி என்ன சொல்வது. தமிழ் வீட்டு அடுப்படிக்குப் பயப்படுகிற காட்டேரி நம் ஊர்களில் என்றைக்கோ பட்டினி கிடந்து செத்திருக்கும்.

கதாநாயகி எப்போதும் தனியாகவே மாடிக்குப் போவது ஏன்? (வாசகர், க்யூர்பிப்)

இரண்டு பேர் போனால் இரண்டு பேருக்கும் அன்றைக்குச் சம்பளம்.

பாவம், காசில்லாமல் கஷ்டப்பட்டு எடுத்திருக்கிறார்கள். கோடிக் கணக்கில் கொட்டி எடுத்த படங்களையே பொறுத்துக்கொள்ளும் நாம் இவர்களைப் போய்க் குறை சொல்லலாமா அண்ணா? (வாசகி, மாஹேபூர்)

உங்கள் நல்ல மனசு எனக்கு இல்லை தங்கச்சி. ஏழை வீட்டுச் சாப்பாட்டில் கறி இல்லை என்று நான் குறை சொல்ல மாட்டேன், ரசத்தில் உப்பு இல்லையென்றால் சொல்வேன். உப்புக்கு என்ன காசு?

மேலே சொன்ன 1922 படத்தை ஒரே ஒரு கேமராவை வைத்து எடுத்தார்கள். வண்டி காட்டுக்குள் போகும் காட்சியை மாயமாகக் காட்டப் பெரிய செலவில்லாமல் நெகட்டிவையே படமாக ஓட்டிவிட்டார்கள், மரமெல்லாம் வெள்ளையாக, வானம் கருப்பாக. நூறு வருஷம் கழித்து இன்றைக்குப் பார்த்தாலும் வயிற்றில் ஏதோ செய்யும். அந்த 1931 படத்தில் இன்னொரு வேடிக்கை: லுகோசி பகலில் நடித்துவிட்டுப் போன அதே செட்டில், ராத்திரியில் வேறு குழு வந்து அதே கதையை ஸ்பானிய மொழியில் எடுத்தது. அவர்களுக்குக் காசும் குறைவு, நாளும் குறைவு. ஆனால் கேமரா வேலை அதில்தான் மேல் என்று சொல்கிற விமர்சகர்கள் இன்றும் நிறையப் பேர்.

நம் பையன்கள் எதில் விட்டார்கள் தெரியுமா? சத்தத்தில். கண்ணுக்குச் சிவப்பு லென்ஸ் வாங்கியிருக்கிறார்கள், புகை மெஷின் வாடகைக்கு எடுத்திருக்கிறார்கள், மைக்கை மட்டும் கேமராவிலேயே விட்டுவிட்டார்கள். அதனால் மூன்றடி தூரத்தில் நின்று காதல் பேசுகிறவர்கள் கிணற்றுக்குள்ளிருந்து கூப்பிடுவது மாதிரி இருக்கிறது, காட்டேரி உறுமும்போது பின்னால் ஜெனரேட்டர் ஓடுகிறது. படம் மங்கலாக இருந்தால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், அது ஒரு ஸ்டைல் என்றுகூட நினைத்துக்கொள்வார்கள். வசனம் கேட்கவில்லையென்றால் பத்தாவது நிமிடம் போனை எடுத்துவிடுவார்கள். எனக்கு வந்த கடிதங்களில் ரத்தத்தைக் கிண்டல் பண்ணியவர்கள் எல்லாரும் கடைசிவரை பார்த்திருக்கிறார்கள், பாதியில் நிறுத்தியவர்கள் எல்லாரும் சத்தத்தைத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

இவ்வளவு திட்டியும் ஏன் பார்க்கச் சொன்னேன் என்று கேட்பீர்கள். கரண்ட் போனதும் வருகிற அந்தக் காட்சிக்காகத்தான். ஜெனரேட்டரையும் நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது, படத்திலேயே முதல் முறையாக நிஜமான நிசப்தம். காலியான மாடிப்படி, கேமரா அசையவில்லை. எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது. சொட்டு, சொட்டு, அப்புறம் சொட்டவில்லை. அவ்வளவுதான், யாரும் வரவில்லை, ஒன்றும் நடக்கவில்லை, நான் காலைத் தூக்கி சோபாவில் வைத்துக்கொண்டேன். அந்தக் காட்சிக்கு என்ன செலவாகியிருக்கும்? ஒரு குழாய்.

எங்கள் பாட்டி காலத்தில் காட்டேரி என்றால் சாமி. கோழி அறுத்துப் படைத்திருக்கிறோம். அதைப் போய்க் கறுப்புக் கோட்டுப் போட்ட பேயாக்கியிருக்கிறார்களே, கேட்பாரில்லையா? (மூத்த வாசகர், திரியோலே)

கோபம் நியாயம்தான் ஐயா. காட்டேரியம்மன் எல்லைத் தெய்வம், அவள் கும்பிடுகிறவர்களைக் காப்பவள், கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறிய நம் ஆட்கள் போன நாட்டுக்கெல்லாம் அவளையும் கூட்டிப் போனார்கள். தென்னாப்பிரிக்காவில் குழந்தை பிறந்த வீட்டில் அவளுக்குப் படையல் போடுகிற தமிழ்க் குடும்பங்கள் உண்டு. ஐரோப்பாவின் ரத்தம் குடிக்கும் பிரபுவுக்குத் தமிழில் பெயர் தேடியவர்கள் கைக்கு எட்டிய இவள் பெயரை எடுத்து மாட்டிவிட்டார்கள், அது நிலைத்தும் விட்டது. எனக்கும் வேறு சொல் தெரியாததால்தான் இந்தப் பக்கம் முழுக்க அதையே எழுதிக்கொண்டிருக்கிறேன், அம்மன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் தீவில் இப்படி ஒரு படம் எடுத்தால் எடுபடுமா? நானும் நண்பர்களும் யோசித்துக்கொண்டிருக்கிறோம். (கல்லூரி மாணவர், வாக்வா)

பெட்டி, கோட்டு, பூண்டு, சிலுவை எல்லாவற்றையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தால் எடுபடும் தம்பி. வீட்டில் பெரியவர்களிடம் 'தூனி மின்வி' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மாறுவதைப் பாருங்கள். 1994 பிப்ரவரியில் ஹோலண்டா புயல் அடித்து ஓய்ந்த பிறகு, நாட்கணக்கில் கரண்ட் இல்லாத இருட்டில் கிளம்பிய கதை அது. உடம்பெல்லாம் எண்ணெய் தடவிய அம்மணமான ஒருவன் நடுராத்திரியில் கூரைமேல் வருகிறான், பிடித்தால் வழுக்குகிறான், லூகாரு, அதாவது ஓநாய் மனிதன் என்றார்கள், நாயாக மாறினான் என்றார்கள். தெருவுக்குத் தெரு ஆண்கள் தடியோடு காவல் சுற்றினார்கள். எனக்கு அப்போது பதினாலு வயது. பக்கத்து கிரியோல் வீட்டு வாசலில் சிலுவை, எதிர்வீட்டு சாச்சா ஓதிக் கொண்டுவந்த தண்ணீர், எங்கள் வாசலில் வேப்பிலை. பெரியப்பா வராந்தாவில் கரும்புக் கத்தியோடு உட்கார்ந்திருப்பார், நாங்கள் ஏழு பிள்ளைகள் ஒரே அறையில். ஒரு ராத்திரி தலைக்கு மேலே 'டக்'. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டக்'. மெழுகுவர்த்தியை யாரோ ஊதி அணைத்துவிட்டார்கள், ஏன் அணைத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. விடிந்து ஏறிப் பார்த்தால், புயலில் ஆணி கழன்ற தகரம் ஒன்று காற்றுக்கு எழுந்து எழுந்து படுத்துக்கொண்டிருந்தது. பெரியப்பா ஆணி அடித்தார், ஆனாலும் அன்றைக்கு ராத்திரியும் நாங்கள் யாரும் தூங்கவில்லை.

அது போதாதென்றால் பக்கத்துத் தீவு ரெயூனியன் இருக்கிறது. சிதரான் என்று ஒருவன், கொள்ளைக்கும் கொலைக்கும் 1911இல் சேன் பியேரில் தலை வெட்டப்பட்டவன், அவன் கூட்டம் செத்தவர்களின் ரத்தத்தைக் குடித்தது என்று பேச்சு. அவன் கல்லறையில் இன்றும் யாரோ ரம்மும் சிகரெட்டும் வைத்துவிட்டுப் போகிறார்கள். இதற்கு மேல் ஒரு ரத்தக் காட்டேரியை வெளியூரிலிருந்து இறக்குமதி செய்யவா வேண்டும்? முதலில் ஒரு நல்ல மைக் வாங்குங்கள். கதையை அப்புறம் பேசலாம்.

படத்தை மாமியாரோடு உட்கார்ந்து பார்க்கலாமா? (வாசகி, போ பாசேன்)

தாராளமாக. யார் முதலில் பயப்படுகிறார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.

நாம் 'உள்ளே வா' என்று கூப்பிட்டால்தான் காட்டேரி வீட்டுக்குள் வர முடியுமாமே, அப்படியென்றால் நமக்குப் பயமே இல்லைதானே அங்கிள்? (ஆறாம் வகுப்பு மாணவி, போர்ட் லூயிஸ்)

அந்த விதி 'டிராகுலா' நாவலிலேயே இருக்கிறது கண்ணு, வீட்டில் யாராவது ஒருத்தர் ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அப்புறம் இஷ்டப்படி வந்து போகலாம். ஆனால் நம் வீட்டு வாசலில் முன்பின் தெரியாத ஆள் ராத்திரி பத்து மணிக்கு வந்து நின்றாலும் உன் பாட்டி முதலில் என்ன சொல்வார், யோசித்துப் பார். "வாங்க, உள்ள வாங்க, சாப்பிட்டீங்களா?"