ஒரே ஒளிப்படத்தை ஒருவர் கலை என்கிறார், மற்றவர் வீண் என்கிறார். ஏன்?

நடந்ததைப் பதிவதற்கல்லாமல், எடுப்பவர் தான் கண்ட விதத்தைக் காட்டுவதற்காக எடுப்பதே கலை ஒளிப்படம். கல்யாண அல்பத்தில் முகம் தெளிவாக விழ வேண்டும். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. பொதுவான அளவுகோல் இல்லாததால் பார்ப்பவர் தன் அனுபவத்தைக் கொண்டே அளக்கிறார்.

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலத்தில் பொழுதுபடும்போது எடுத்த படம் ஒன்று: தண்ணீரில் மீனுக்கு நட்ட தடிகள் கறுப்பாக, மிச்சமெல்லாம் வெறுமை. கொழும்பிலிருந்து வந்தவர் சொக்கிப்போவார். மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவரோ, ‘ரெண்டு தடி சரிஞ்சு கிடக்கு’ என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை.

ஜேர்மன் கலைஞர் அன்ட்ரியாஸ் குர்ஸ்கியின் 1999ஆம் ஆண்டு ரைன் நதிப் படம் 2011இல் 43 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோனது. புல், ஆறு, புல், வானம், அவ்வளவுதான். இடையில் நின்ற கட்டடத்தைக் கணினியில் அழித்துவிட்டார். எனக்குப் பிடிக்கும். என் தம்பிக்கு அது வயல் வரம்பு.

ரசனையும், காய்ந்த பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியல் கூழ் மாதிரித்தான். ஒரு வீட்டில் உறைப்புக் கூட, இன்னொரு வீட்டில் புளி கூட. அதற்காக ‘ரசனை ஆளுக்காள் வேறு, ஆகவே எல்லாப் படமும் ஒன்றுதான்’ என்று நினைப்பது பிழை: மாவை ஊறவைத்துப் பிழியாமல் காய்ச்சினால் கசப்பு எல்லார் நாக்கிலும் தெரியும்.