பால் பதப்படுத்தலில் வேலிடேஷனும் வெரிஃபிகேஷனும்: கேள்வி பதில்

கேள்வி: இவை இரண்டும் ஒன்றுதானே, ஐயா?

பதில்: இல்லை. நாம் வகுத்த கட்டுப்பாடு அபாயத்தை உண்மையிலேயே அடக்க வல்லதா என்பதற்குச் சான்று திரட்டுவது வேலிடேஷன். அது வகுத்தபடியே நடந்துவருகிறதா என்று பார்ப்பது வெரிஃபிகேஷன். பாலை 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடி வைத்தால் நோய்க்கிருமிகள் அழியும் என்பது ஆய்வுகளில் நிலைபெற்ற செய்தி. ஆனால், உங்கள் ஆலையின் ஹோல்டிங் குழாயில் (சூடேறிய பால் அதே சூட்டில் தங்கிக் கடந்துசெல்லும் குழாய்) பால் 15 விநாடி தங்குகிறதா என்பதை எந்த நூலும் சொல்லாது. குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, தொடக்கத்தில் உப்புக்கரைசலைச் செலுத்தி, மறுமுனையில் மின்கடத்துதிறன் எப்போது உயர்கிறது என்று அளந்தே அதை அறிய வேண்டும். சராசரி நேரம் இங்கே உதவாது. முதலில் வந்து சேரும் துளியின் நேரமே கணக்கு.

கேள்வி: பம்பை மாற்றியதால் மணிக்கு 5,000 லிட்டராக இருந்த ஓட்டம் 6,000 ஆகியுள்ளது. பதிவுத்தாளில் வெப்பநிலை 72-க்குக் கீழே இறங்கவே இல்லை. மீண்டும் வேலிடேஷன் தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. 15 விநாடிக்கென்றே அளந்து செய்த குழாய் என்றால், இப்போது பால் அதில் தங்குவது பன்னிரண்டரை விநாடிதான். குறைந்துபோன இரண்டரை விநாடியை வெப்பநிலைத் தாள் காட்டாது. அளந்து முடிக்கும்வரை பழைய வேகத்துக்கே திரும்பிவிடுங்கள்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக எங்கள் பாலில் பாஸ்படேஸ் சோதனை (பாலில் இயல்பாக உள்ள பாஸ்படேஸ் என்னும் நொதி சூட்டில் அழிந்ததா என்று பார்ப்பது) நெகட்டிவ். அதுவே வேலிடேஷன் ஆகாதா?

பதில்: ஆகாது. அந்த நொதி நோய்க்கிருமிகளைவிடச் சற்றே கூடுதலாக வெப்பம் தாங்கும். ஆகவே அது அழிந்திருப்பது, மாதிரி எடுத்த அந்தப் பால் போதிய சூடு கண்டது என்பதற்கு நல்ல சாட்சி. சிறந்த வெரிஃபிகேஷன், அவ்வளவே.

கேள்வி (அதே நண்பர்): உற்பத்தியின்போது திரட்டிய தரவையும் வேலிடேஷனுக்குக் கொள்ளலாம் என்று 2008ஆம் ஆண்டின் கோடெக்ஸ் (பன்னாட்டு உணவுத் தர அமைப்பு) வழிகாட்டுதலே கூறுகிறதே!

பதில்: உண்மை, கூறுகிறது, நீங்கள் அதைப் படித்திருப்பது மகிழ்ச்சி தருகிறது. ஆனால், அது அந்த நோக்கத்துக்காகவே திட்டமிட்டுத் திரட்டிய தரவாக இருக்க வேண்டும். ஓட்டம் உச்சத்திலும் வெப்பம் வரம்பின் விளிம்பிலும் இருந்த நாள் உங்கள் மூன்று ஆண்டுகளில் ஒன்றாவது உண்டா? ஓட்ட வேகத்தையே பதிவு செய்யாதபோது அதை எப்படிச் சொல்வீர்கள்? நல்ல நாள்களின் நெகட்டிவ்கள் எத்தனை சேர்ந்தாலும், மோசமான நாளைப் பற்றி அவை எதுவும் சொல்வதில்லை.

கேள்வி: ஐஸ் நீரில் தெர்மாமீட்டர் 0 காட்டினால் போதுமா?

பதில்: போதாது. நீங்கள் நம்பியிருப்பது 72-ஐ. அதன் அருகிலேயே ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: நாங்கள் பம்பை மாற்றவில்லை, வேகத்தை மட்டும் கூட்டினோம். எங்களுக்குமா?

பதில்: உங்களுக்கும்தான். குழாயில் பால் தங்கும் நேரத்தை இன்றே அளந்துவிடுங்கள்.