எஸ்.எஸ்.பி. அழைப்பு வந்த மகனின் தந்தைக்கு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கான எழுத்துத் தேர்வில் தேறி, தங்கள் மகன் எஸ்.எஸ்.பி. என்னும் படை அதிகாரிகள் தேர்வு வாரியத்தின் நேர்காணலுக்கு அழைக்கப்பட்டிருப்பது எனக்கும் பெருமகிழ்ச்சி. பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டிய கம்மவான்பேட்டையிலிருந்து ஒரு பிள்ளை அதிகாரியாகப் புறப்படுவதன் அருமையை நான் அறிவேன்.

ஆயினும் தாங்கள் வகுத்துள்ள அட்டவணை எனக்குக் கவலை தருகிறது. விடியற்காலை நான்கு மணிக்குத் தார்ச்சாலையில் ஓட்டம், இரவு பதினொன்று வரை படிப்பு. கபடி கூடாது, நண்பர்கள் வரக் கூடாது, தங்கையோடு அரட்டை கூடாது. மனம் இறுகினால்தான் அகாடமியில் தாக்குப்பிடிப்பான் என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டாளத்தில் பணியாற்றியவர் என்ற முறையில் தங்கள் சொல்லுக்கு எடை உண்டு. இருப்பினும் இந்த ஒன்றில் நான் உடன்படவில்லை.

எழுத்துத் தேர்வுக்கு 900 மதிப்பெண். ஐந்து நாள் நடக்கும் எஸ்.எஸ்.பி.க்கும் அதே 900. அங்கே எடைபோடப்படும் 15 குணங்களில் துணிவு, உடல் தாங்குதிறன் ஆகியவற்றோடு கலகலப்பும் ஒன்று. நெருக்கடியிலும் முகம் வாடாமல், உடனிருப்பவர்களையும் சோர்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் இயல்பு அது. குழுவாகக் கட்டையையும் கயிற்றையும் வைத்துத் தடையைக் கடக்கும் பணியில், பல நாளாக யாருடனும் சிரித்துப் பேசாத பையன் எப்படிக் கலந்து நிற்பான்?

சென்ற வாரம் என் எதிரில் அமர்ந்திருந்தபோது அவன் ஒவ்வொரு கேள்விக்கும் ஒற்றைச் சொல்லில் பதிலளித்தான். கபடியைப் பற்றிக் கேட்டதும் நாற்காலியின் நுனிக்கு வந்து, தான் கடைசியாக ரெய்டு போன ஆட்டத்தைக் கையசைத்து விவரித்தான். பேச்சினிடையே காலின் முன்னெலும்பை அடிக்கடி அழுத்திக்கொண்டான். வலி இருப்பதைத் தங்களிடம் சொல்லவில்லை என்றான். சொன்னால் கோழை என்று நினைப்பீர்களாம். திடீரென்று கூட்டிய ஓட்டத்தால் எலும்பில் நுண்ணிய விரிசல் விழுவது ராணுவப் பயிற்சி பெறுவோரிடம் அடிக்கடி காணப்படும் காயம். எலும்பு மருத்துவரிடம் காட்டும் வரை ஓட்டத்தை நிறுத்துங்கள். பிறகு மண் மைதானத்தில் சிறிது சிறிதாகக் கூட்டலாம். உறக்கம் எக்காரணம் கொண்டும் ஏழு மணி நேரத்துக்குக் குறைய வேண்டாம்.

மகிழ்ச்சி ஒழுக்கத்தைக் கெடுக்கும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் இல்லை. அமெரிக்க உளவியலாளர்கள் மிஷெல் துகாடேயும் பார்பரா ஃப்ரெட்ரிக்சனும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், உடனே மேடைப்பேச்சுக்குத் தயாராகுமாறு சொல்லப்பட்ட மாணவர்கள் எல்லோருக்குமே பதற்றம் ஏற்பட்டது. ஆனால் மீண்டெழும் இயல்புடையோர், பதற்றத்தினூடே ஆர்வத்தையும் மகிழ்ச்சியையும் உணர்ந்ததால், அவர்களின் இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் விரைவாகச் சமநிலைக்குத் திரும்பின. புணே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியின் மூன்றாண்டுப் பயிற்சியில் தங்கள் மகனுக்கு வேண்டியது இந்த மீட்சிதான். அச்சமே இல்லாதவனாக நடிக்க அவனைப் பழக்காதீர்கள்.

ஆகவே கால் குணமானதும் மாலைக் கபடியைத் திருப்பிக் கொடுங்கள். இரவுச் சாப்பாட்டை எல்லோரும் சேர்ந்து உண்ணுங்கள். அப்போது தேர்வுப் பேச்சு வேண்டாம். தாங்கள் பயிற்சிக் காலத்தில் பயந்ததையும், கூட இருந்தவர்கள் தோள் கொடுத்ததையும் அவனிடம் சொல்லுங்கள். எந்தப் பயிற்சி மையமும் தர முடியாத பாடம் அது.

முதல் முறையில் தேர்வாகாமல் திரும்புவோரே மிகுதி. ஆண்டுக்கு இருமுறை இத்தேர்வு நடக்கிறது. வயது வரம்பு கடந்தாலும், பட்டம் பெற்றபின் சி.டி.எஸ். என்னும் ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வை எழுதிப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்குச் செல்லலாம். இதை அவன் ரயில் ஏறுவதற்கு முன்பே, தங்கள் வாயால் அவனிடம் சொல்லிவிடுங்கள்.