பத்து நிமிடத்தில் சொல்லக்கூடியதல்ல ஏடிஎச்டி

கேள்வி: எனக்கு 34 வயது. பள்ளி ரிப்போர்ட்டில் வருஷம் தவறாமல் 'புத்திசாலி, ஆனால் கவனம் இல்லை' என்று எழுதுவார்கள். இப்போது அலுவலகத்தில் கடைசி நாள் வரை எந்த வேலையையும் தொட முடிவதில்லை. வீட்டில் பாதியில் நிற்கும் வேலைகள்தான் அதிகம். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) பற்றிப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது. ஒரு மருத்துவர் பத்து நிமிடம் பேசிவிட்டு, "டிகிரி முடித்தவருக்கு அதெல்லாம் இருக்காது" என்று அனுப்பிவிட்டார். இன்னொரு இடத்தில் மூளை ஸ்கேன் எடுத்தால் அன்றே முடிவு சொல்வதாகச் சொல்கிறார்கள். யாரிடம் போவது? சரியான ஆள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்:

அன்புத் தோழி,

முதலில் அந்தப் பத்து நிமிடத் தீர்ப்பை ஒதுக்கி வையுங்கள். பட்டம் பெற்றவருக்கு ஏடிஎச்டி இருக்காது என்பது உண்மையில்லை. அறிவு வேறு, கவனத்தை வேண்டிய இடத்தில் வேண்டிய நேரம் நிறுத்திவைப்பது வேறு. அந்தப் பட்டத்தை வாங்க நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள், எத்தனை தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் படித்தீர்கள் என்று அவர் கேட்டிருக்க வேண்டும். பெண் குழந்தைகள் விஷயத்தில் இது அடிக்கடி தவறிப்போகிறது. ஓடியாடி வகுப்பைக் கலைக்கும் பிள்ளை எல்லோர் கண்ணிலும் படும். ஜன்னலைப் பார்த்தபடி அமைதியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை. அவர்களில் பலருக்கு 30 வயதைத் தாண்டிய பிறகுதான் விடை கிடைக்கிறது.

ஸ்கேனுக்குப் பணம் கட்டாதீர்கள். ஒருவருக்கு ஏடிஎச்டி உண்டா இல்லையா என்று உறுதிசெய்யும் ஸ்கேனோ ரத்தப் பரிசோதனையோ இன்றுவரை இல்லை. ஆய்வுகளில் பெரிய குழுக்களை ஒப்பிடும்போது மூளையில் சிறிய வித்தியாசங்கள் தெரிவது உண்மை. ஆனால் தனி மனிதருக்கு முடிவு சொல்ல அது போதாது. திரையைப் பார்த்து பட்டன் அழுத்தும் கணினிச் சோதனையும் துணைத் தகவல்தான். ஸ்கேனை மட்டும் வைத்து அன்றே முடிவு தருகிறோம் என்பவர்களிடம் போக வேண்டாம்.

சரி, பிறகு எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? பெரும்பாலும் பேசித்தான். 2013இல் வெளியான டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் அளவுகோலைப் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். அதன்படி சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். வீடு, வேலை என்று இரண்டு சூழல்களிலாவது தென்பட வேண்டும். ஆறு மாதமாவது நீடித்து, வாழ்க்கையைப் பாதித்திருக்க வேண்டும். கவனக்குறைவு, துறுதுறுப்பு என்ற இரண்டு பட்டியல்களில் ஏதாவது ஒன்றிலாவது, வளர்ந்தவர்களுக்கு ஐந்து அறிகுறிகள் போதும். சிறுவர்களுக்கு ஆறு வேண்டும். ஆகவே உங்கள் குழந்தைப் பருவத்தைப் பற்றிக் கேட்காத மதிப்பீடு அரைகுறையானது. பழைய ரிப்போர்ட் இருந்தால் எடுத்து வையுங்கள். சிறு வயதில் உங்களை அறிந்த அம்மாவோ அக்காவோ பேச முன்வந்தால் இன்னும் நல்லது. இணையத்தில் கிடைக்கும் ஆறு கேள்வி வினாத்தாள் முதல்கட்ட வடிகட்டல் மட்டுமே. அதில் மதிப்பெண் கூடியதாலேயே ஏடிஎச்டி என்றாகிவிடாது.

நல்லவரை அடையாளம் காட்டுவது இன்னொன்று. அவர் ஏடிஎச்டியை மட்டும் தேடமாட்டார். தூக்கம் எப்படி, குறட்டை உண்டா, தைராய்டு பார்த்தீர்களா, ரத்தசோகை இருக்கிறதா, மனச்சோர்வோ பதற்றமோ உண்டா, மனநிலை சில நாள் உச்சத்துக்கும் சில நாள் பாதாளத்துக்கும் போகிறதா, மது போன்ற பழக்கம் உண்டா என்றெல்லாம் கேட்பார். இவை ஒவ்வொன்றும் கவனத்தைக் குலைக்கும். ஏடிஎச்டியோடு சேர்ந்தும் இருக்கும். சந்தேகப்படுகிறாரே என்று வருத்தப்படாதீர்கள், உள்ளதைச் சொல்லுங்கள். ஏடிஎச்டிக்குத் தரும் மருந்துகளில் சில, பல நாடுகளில் கட்டுப்பாட்டில் இருப்பவை என்பதால் அவர் விசாரித்தே ஆக வேண்டும்.

யாரிடம் போவது என்றால், வளர்ந்தவர்களின் ஏடிஎச்டியில் பழக்கமுள்ள மனநல மருத்துவர் முதல் தேர்வு. மதிப்பீடும் மருந்தும் ஒரே இடத்தில் முடியும். மருத்துவ உளவியலாளர் விரிவாக மதிப்பிடுவார், சிகிச்சைப் பேச்சும் நடத்துவார். ஆனால் பெரும்பாலான இடங்களில் மருந்து எழுத முடியாது. அப்படியானால் அவருடைய அறிக்கையை எந்த மருத்துவர் ஏற்றுக்கொள்வார் என்பதையும் அவரிடமே கேளுங்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அலைந்து களைத்துப்போகிறவர்கள் நிறைய.

நேரில் போவதற்கு முன்பே போனில் கேட்டுவிடலாம்: பெரியவர்களுக்கு ஏடிஎச்டி மதிப்பீடு செய்கிறீர்களா, எத்தனை தடவை வர வேண்டும், மருந்தும் நீங்களே தருவீர்களா, மொத்தம் எவ்வளவு ஆகும்? இதற்கு நேராகப் பதில் சொல்ல முடியாத இடம் உங்களுக்கு வேண்டாம்.

இதில் எனக்கு மிகவும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. போன் செய்வது, படிவம் நிரப்புவது, தேதியை நினைவில் வைப்பது, காத்திருப்பது என்று எதெல்லாம் உங்களுக்குக் கஷ்டமோ, உதவி பெற அதையெல்லாம்தான் செய்யச் சொல்கிறார்கள். மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, "இதைக்கூடச் செய்ய முடியவில்லையே" என்று உங்களை நீங்களே திட்டிக்கொள்ள வேண்டாம். நம்பகமான ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போன் செய்யுங்கள், அல்லது அவரையே செய்யச் சொல்லுங்கள். ஒரே இடத்துக்காகக் காத்திராமல் இரண்டு மூன்று இடங்களில் பெயர் கொடுங்கள். மருத்துவரிடம் சொல்ல வேண்டியதை ஒரு பக்கம் எழுதி எடுத்துப்போங்கள். 'மறதி அதிகம்' என்று பொதுவாக எழுதாதீர்கள். எது மறந்தது, அதனால் என்ன இழப்பு என்று எழுதுங்கள்.

ஏடிஎச்டி என்று உறுதியானால், சிகிச்சை எப்படி நடக்கிறது என்பதையும் பாருங்கள். மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி மருந்து தருவதற்கு முன் ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, குடும்பத்தில் இதய நோய் உண்டா என்று பார்க்க வேண்டும். குறைந்த டோஸில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டி, பசி, தூக்கம், எரிச்சல் எல்லாம் எப்படி என்று கேட்டுக்கேட்டுத்தான் உங்களுக்கான அளவைக் கண்டுபிடிக்க முடியும். இந்த வகை மருந்து எடுத்த அன்றே வேலை செய்யும். அட்டோமாக்ஸெட்டின் போன்ற ஊக்கி அல்லாதவற்றின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரமே பலனில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். சீட்டு எழுதிக் கொடுத்து ஆறு மாதம் கழித்து வரச் சொல்பவரைவிட, முதல் சில வாரங்களில் அடிக்கடி பேசுபவரே உங்களுக்கு வேண்டும். நேரத்தைத் திட்டமிடவும் வேலையைத் தொடங்கவும் பழக்கும் அறிதல்-நடத்தைச் சிகிச்சையும் மருந்தோடு சேர்ந்தால் உதவும். கர்ப்பத்துக்குத் திட்டமிருந்தால் மருந்து தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள்.

முழுமையாக விசாரித்த பிறகு ஒருவர் ஏடிஎச்டி இல்லை என்றாலும் அங்கேயே எழுந்து வந்துவிடாதீர்கள். "அப்படியானால் எனக்கு இருப்பது என்ன, அதற்கு என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். உங்கள் சிரமம் நிஜம். அதற்குப் பதில் சொல்லாமல் அனுப்பினால், இன்னொருவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.