டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்பில் பெரிய டயர் மாட்டியபின் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது உரசுகிறதே, என்ன செய்யலாம்?

இன்னும் ஒரு அங்குலம் தூக்கினால் உரசல் நின்றுவிடும் என்று கடையில் சொன்னதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் வண்டிக்கு அது மருந்தல்ல. கோவையில் வீல் அலைன்மெண்ட் வேலை பார்க்கிறேன். வால்பாறை எஸ்டேட்டுகளிலிருந்து இதே தொல்லையோடு பிக்கப்புகள் வருவது வழக்கம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் கொடுத்த விவரப்படி, கம்பெனி டயர் 265/65 ஆர்17. இப்போது மாட்டியிருப்பது 285/70 ஆர்17. ரிம் ஒன்பது அங்குல அகலம், ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பதியும் முகத்துக்கும் உள்ள தூரம்) பூஜ்யம். வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தும் லிஃப்ட் கிட் ஏற்கனவே போட்டாயிற்று. ரிவர்ஸில் முழுதாக ஒடித்தாலும், பள்ளத்தில் இறங்கித் திரும்பினாலும் உரசுகிறது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பழைய டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மி.மீ., புதியது 831 மி.மீ. அதாவது டயர் சுற்றிலும் 27 மி.மீ. வளர்ந்திருக்கிறது. அகலத்தில் பக்கத்துக்குப் பத்து மி.மீ. கூடியிருக்கிறது. இதோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். ஆனால் ஹைலக்ஸின் கம்பெனி ரிம்முக்கு ஆஃப்செட் 30 மி.மீ. அளவில் இருக்கும். பூஜ்ய ஆஃப்செட் ரிம் போட்டதும் சக்கரம் முழுவதுமே அந்த முப்பதும் வெளியே வந்துவிட்டது. டயரின் வெளி ஓரம் இருந்த இடத்திலிருந்து 40 மி.மீ. தள்ளி நிற்கிறது. ஒடிக்கும்போது சக்கரம் நின்ற இடத்திலேயே சுழல்வதில்லை, மேல் கீழ் பால் ஜாயிண்ட்டுகளை இணைக்கும் கோட்டைச் சுற்றி வளைந்து போகிறது. வெளி ஓரம் அந்தக் கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ அவ்வளவு பெரிய வளைவு. அதனால்தான் முன்பக்கம் பம்பர் மூலையையும் பின்பக்கம் லைனரையும் (சக்கரக் குழியின் உள் பிளாஸ்டிக் உறை) டயர் தேடிப்போய் இடிக்கிறது. உங்கள் தொல்லையில் பாதிக்கு மேல் டயரால் வந்ததல்ல, ரிம்மால் வந்தது.

தூக்குவது ஏன் உதவாது? லிஃப்ட் கிட் வண்டி நிற்கும் உயரத்தைத்தான் மாற்றுகிறது. சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கும்போது சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் போய் உட்காரும் பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது. ஆகவே பெரிய பள்ளத்தில் டயர் முன்பு ஏறிய அதே உயரத்துக்குத்தான் ஏறும். முழு ஒடிப்பில் பின்பக்கம் உரசுவதற்கும் உயரத்துக்கும் பெரிய தொடர்பில்லை. போதாததற்கு, தூக்கியபின் அலைன்மெண்ட் பார்க்காமல் விட்டால் கேஸ்டர் (அந்த பால் ஜாயிண்ட் கோடு பின்னோக்கிச் சாயும் கோணம்) குறைந்து, ஸ்டீயரிங் திரும்பி வரும் குணமும் கெடும்.

இனி வேலைக்கு வருவோம். எங்கே உரசுகிறது என்று கண்ணால் பார்க்காமல் எதையும் வெட்டாதீர்கள். டயரின் ஓரப் பட்டன்களில் சாக்பீஸை அழுத்தித் தேய்த்துவிட்டு, வெட்டவெளியில் மெதுவாக முன்னும் பின்னும் இரண்டு பக்கமும் முழுதாக ஒடித்து ஓட்டுங்கள். பிறகு டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். உரசிய இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். பல நாள் உரசிய இடம் என்றால் சாக்பீஸே வேண்டாம். லைனரின் சொரசொரப்பு போய்க் கறுப்பாகப் பளபளக்கும், கிளிப் தலை ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், அதன் விளிம்பில் ரப்பர் துகள் ஒட்டியிருக்கும். அடுத்து, முன் சக்கரம் ஒன்றையும் அதற்கு எதிர்மூலையில் உள்ள பின் சக்கரத்தையும் உறுதியான ராம்ப் மேல் ஏற்றி நிறுத்தி, முன் சஸ்பென்ஷன் அமுங்கிய நிலையில் ஒருவரை ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். வீல் அலைன்மெண்ட் மேடையில் சும்மா ஒடித்துப் பார்ப்பதில் இது தெரியாது. அதனால்தான் பட்டறையில் சரியாக இருந்த வண்டி ஆழியாறு தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மறுபடியும் உரசுகிறது.

உங்கள் அளவுக்கு மூன்று இடங்களை எதிர்பார்க்கிறேன். மட்ஃபிளாப்பைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளி மாட்டினால் ஒன்று தீரும். பம்பரின் கீழ் மூலையில் கோடு போட்டு, தேவையான அளவு மட்டும் அறுத்து விளிம்பை மழித்துவிடலாம். பின்பக்க லைனரை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே அழுத்தி, அகல வாஷர் வைத்து ஸ்குரூ போட்டால் நன்றாக இடம் கிடைக்கும். நெருப்பைக் காட்டாதீர்கள். அழுத்துவதற்கு முன் லைனருக்குப் பின்னால் வயர் கட்டு போகிறதா என்று கழற்றிப் பார்ப்பது அவசியம்.

இதற்கு முன் அலைன்மெண்ட்டில் ஒரு காரியம் செய்ய வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஹைலக்ஸின் லோயர் ஆர்மில் முன்னொன்றும் பின்னொன்றுமாக, திருப்பினால் ஆர்மை நகர்த்தும் கேம் போல்ட் உண்டு. முன் கேமை உள்நோக்கியும் பின் கேமை வெளிநோக்கியும் திருப்பினால் சக்கரம் சில மி.மீ. முன்னே வரும், கேஸ்டரும் கூடும். பின்பக்க உரசலுக்கு அந்தச் சில மி.மீ. பெரிய வரம். "கேஸ்டரை இரண்டு பக்கமும் சமமாக, அனுமதித்த வரம்பின் மேல் பக்கத்தில் வையுங்கள்" என்று கேட்டு வாங்குங்கள். அலைன்மெண்ட் முடிந்த பிறகே பம்பரை அறுங்கள், ஏனென்றால் சக்கரம் முன்னே வந்ததும் முன்பக்க இடைவெளி குறையும்.

இத்தனைக்கும் பிறகு 285 டயர் ஹைலக்ஸில் கேபினைத் தாங்கும் பாடி மவுண்ட் பிராக்கெட்டைத் தொட வாய்ப்பு அதிகம். அதை அறுத்துப் பற்றவைத்துத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. நான் செய்வதில்லை, உங்களுக்கும் சொல்லமாட்டேன். அது சேசிஸோடு சேர்ந்த பாகம், கேபின் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவின் கீழ் வரும் மாற்றங்களின் சிக்கல் வேறு, விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கேள்வியும் வரும். ஸ்டீயரிங் ரேக்கில் வளையம் போட்டு ஒடிப்பையே குறைப்பவர்களும் உண்டு. மலைப்பாதையில் ஓட்டுபவருக்கு அது தண்டனை, ஒரே வீச்சில் திரும்ப வேண்டிய வளைவில் ரிவர்ஸ் எடுத்து நிற்க வேண்டிவரும்.

என்னைக் கேட்டால், ரிம்மை மாற்றுங்கள். ஆஃப்செட் 20 முதல் 30க்குள், அகலம் எட்டு அங்குலம் போதும். டயர் 265/70 ஆர்17 எடுங்கள். விட்டம் 803 மி.மீ., கம்பெனி அளவைவிட மூன்றரை சதவீதம்தான் அதிகம். மட்ஃபிளாப்பும் லைனரும் சரிசெய்தால் பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும். இப்போதுள்ள டயரில் மீட்டர் நூறு காட்டும்போது உண்மையில் 107 வரை போகலாம், அதையும் மனதில் வையுங்கள். ரிம் வாங்கும்போது நடு ஓட்டை 106.1 மி.மீ.தானா என்று அளந்து பாருங்கள். பெரிதாக இருந்தால் சரியான சென்டர் வளையம் போட்டுத்தான் மாட்ட வேண்டும்.

எதைச் செய்தாலும் வண்டியை வெளியே எடுக்குமுன் முழுதாக ஒடித்து, முன் பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் டயரில் படுகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். லைனர் கிழிந்தால் வேறு வாங்கிக்கொள்ளலாம், பிரேக் ஹோஸ் தேய்வதை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. சாக்பீஸ் கோடு விழுந்த இடத்தையும் ரிம்மின் உட்புறம் பொறித்திருக்கும் ஆஃப்செட் எண்ணையும் படம் எடுத்துப் போடுங்கள், எவ்வளவு அறுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.