செயலியில் ரயில் அசையாமல் நின்றால் பயப்பட வேண்டுமா?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். ஏற்காடு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து வந்த அம்மாவை அழைத்துவர, விடியுமுன் மலையிறங்க வேண்டியிருந்தது. செயலியில் ரயில் லோகூர் அருகே இருபது நிமிடம் அசையவே இல்லை. பதறிப்போனேன். ரயிலோ நேரத்துக்கு வந்துவிட்டது. எந்தத் தகவலை நம்புவது? செயற்கைக்கோள் கண்காணிப்பு விபத்தைத் தடுக்காதா?

பதில்: ரயில் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கும், உங்களுக்கு வரும் தகவல்தான் நின்றுபோயிருக்கும். பொம்மிடியைத் தாண்டினால் பாதை சேர்வராயன் அடிவாரத்தை ஒட்டிச் செல்கிறது. மலையும் காடும் சூழ்ந்த இடத்தில் அலைபேசித் தொடர்பு அறுவது இயல்பு. இருக்கும் இடத்தைச் செயற்கைக்கோள் மூலம் அறிய இணையம் தேவையில்லை. அதை உங்கள் கைக்கு அனுப்பத்தான் தேவை. தனியார் செயலிகள் சில, ரயிலுக்குள் இருக்கும் பயணிகளின் அலைபேசிகளிலிருந்தே இடத்தை அறிகின்றன. நள்ளிரவில் எல்லோரும் தூங்கிவிட்டால் யார் அனுப்புவது?

ரயில்வேயின் ஏற்பாடு வேறு. இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய ஆர்.டி.ஐ.எஸ். கருவி எஞ்சினிலேயே பொருத்தப்படுகிறது. 30 நொடிக்கு ஒருமுறை இடத்தையும் வேகத்தையும் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பும். 4ஜி கிடைக்காத இடத்தில் செயற்கைக்கோள் வழியாகவே பேசும். ஆகவே ரயில்வேயின் என்.டி.இ.எஸ். செயலியைப் பாருங்கள், அல்லது 139க்கு அழையுங்கள். 'இத்தனை நிமிடம் தாமதம்' என்ற வரியைவிட, கடைசியாகக் கடந்த நிலையம் எது, எத்தனை மணிக்கு என்பதே முக்கியம். ரயில் ஜோலார்பேட்டையை விட்டதும் நீங்கள் கிளம்பலாம். மொரப்பூர் வரும்வரை காத்திருந்தால், இருட்டில் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அவசரப்பட வேண்டியிருக்கும். அது வேண்டாம்.

இனி விபத்து. ரயில் எங்கே என்று அறிவது ஒன்று, அதை நிறுத்துவது வேறொன்று. திறந்த வெளியிலேயே சாதாரண ஜி.பி.எஸ். சில மீட்டர் பிசகும். இரட்டைப் பாதையில் பக்கத்துத் தண்டவாளமும் சில மீட்டர் தூரத்தில்தான். எதிரெதிரே வரும் இரு ரயில்கள் ஒரே தண்டவாளத்தில் இருக்கின்றனவா என்ற கேள்விக்கு அந்தப் பிசகோடு பதில் சொல்ல முடியாது. அதனால்தான் ரயில்கள் மோதாமல் தடுக்கும் 'கவச்' அமைப்பு, தண்டவாளங்களுக்கு நடுவே ஸ்லீப்பர் கட்டையில், ரேடியோ அலையால் படிக்கக்கூடிய ஆர்.எஃப்.ஐ.டி. பட்டைகளைப் பதித்துவைக்கிறது. மேலே ஓடும் எஞ்சின் அவற்றைப் படித்துத் தன் தண்டவாளத்தை ஐயமின்றி அறிகிறது. சிவப்பு சிக்னலை நோக்கி வேகம் குறையாமல் போனால், லோகோ பைலட் கை வைக்காமலே பிரேக் விழும்.

பாறைக்கு இது எதுவும் பொருந்தாது. 2021 நவம்பர் 12 அன்று விடியுமுன், தொப்பூருக்கும் சிவாடிக்கும் இடையே பாறைகள் சரிந்து கண்ணூர்–பெங்களூரு ரயில் தடம் புரண்டது. நல்லவேளையாக உயிரிழப்பு இல்லை. எஞ்சின் இருக்கும் இடம் துல்லியமாகத் தெரிந்திருந்தாலும், மழையில் ஊறிச் சரிந்த பாறையை அது காட்டியிருக்காது. சரிவில் கம்பிவலை வேண்டும்; கைவிளக்குடன் பாதையில் நடக்கும் ஊழியரின் கண் வேண்டும். அந்த ஊழியருக்கும் ஜி.பி.எஸ். கருவி தருகிறார்கள். இரவு ரோந்தில் அவர் எதுவரை நடந்திருக்கிறார் என்று தெரியும். ஆபத்தைக் கண்டால் பொத்தானை அழுத்தி எச்சரிக்கலாம். என்னைக் கேட்டால், செயற்கைக்கோளின் மிக நல்ல பயன் இதுதான்.

அடுத்த முறை புள்ளி நின்றால், அதன் அருகே 'கடைசியாகப் புதுப்பித்த நேரம்' என்ன என்று முதலில் பாருங்கள். அது பத்து நிமிடம் பழையது என்றால், நீங்கள் பார்ப்பது பத்து நிமிடத்துக்கு முந்தைய ரயில்.